ரோமாபுரித் தண்ணீர்ப் பாலம்

ஐரோப்பியச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரங்கூன் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பிட்டர் வேலை. நான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஆயா. துரையும் துரைசானியும் ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"போயிட்டு வா புள்ள. நான் பாக்காததையெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் அவர்.

கப்பல் பிரான்சு தேசத்தில் நின்றது. அங்கிருந்து மோட்டாரில் போகும் வழியில், ஓர் ஆற்றங்கரையில் துரை வண்டியை நிறுத்தினார். எதிரே மூன்று அடுக்கு வளைவுகளாக ஒரு கல் பாலம், வெயிலில் தேன் நிறத்தில் நின்றது. துரைக்கு மதராஸில் கற்ற தமிழ் கொஞ்சம் உண்டு.

"ரோமாபுரி ராஜா காலத்துப் பாலம், ஆயா. மேலே தண்ணீர் போகும். பட்டணத்துக்குக் குடிக்கிற தண்ணீர்."

தண்ணீர் என்றதும் எனக்கு என் வீட்டுக்காரர் நினைவு வந்துவிட்டது. குழந்தையைத் துரைசானியிடம் கொடுத்துவிட்டுத் துரை பின்னால் ஏறினேன். உச்சியில், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய கல் கால்வாய். தண்ணீர் வற்றிப்போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டதாம். சுவரில் கை தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. அதில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன்.

"பயமா, ஆயா?"

"இல்லீங்க தொரை. எங்க வீட்டுக்காரரு பாக்க வேண்டியது. நான் பாத்து என்ன செய்ய?"

வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டுமே என்று அடி எண்ணி நடந்தேன். இருநூறுக்கு மேல் கணக்கு தவறிவிட்டது.

ரங்கூன் திரும்பிய மறுநாள், அலோன் பேட்டையில் எங்கள் அறைத் தரையில் கரித்துண்டால் பாலத்தை அவருக்கு வரைந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"சரிவு எவ்வளவு வச்சிருக்கான்? கல்லு இடுக்குல கசியாதா? அடைப்பு எடுக்க வழி எங்க?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப என்னத்தத்தான் பாத்தே?" என்று எரிந்து விழுந்தார். பிறகு குரலைத் தணித்து, "கோவிச்சுக்காத. நேர்ல பாக்கணும்போல இருக்கு, அதான்" என்றார்.

மறு மாதமே, சீமைக்குப் போகும் கப்பலில் பிட்டர் வேலை கேட்டுப் போனார். பரிசோதித்த டாக்டர், இடது கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு, சோறு போடும்போதுகூட, "அந்தக் கால்வாய்க்கு மேல மூடியிருந்துச்சா?" என்று திடீரென்று கேட்பார். ஆறு மாதம் அங்கே இருந்துகொண்டு இவருக்காக ஏங்கினேன். இப்போது பக்கத்திலேயே இருந்தும் அவர் மனசு அங்கே போய்விட்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துத் துரைசானி மறுபடி கூப்பிட்டாள்.

"போயேன். இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டு வா" என்றார்.

"நீங்க இல்லாம நான் அதைப் பாக்க மாட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறோர் ஆயா போனாள். எனக்கு அந்த வேலையும் போயிற்று.