சாராயம் கலந்த பெட்ரோலும் அப்பா சுமந்த பழியும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிந்தவர்கள். மகளாக நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். சில வரிகள் சிலருக்குக் கசக்கும். அதற்காகப் பொறுத்தருளும்படி கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

அப்பா பிறந்தது சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். கிணறு வற்றியதும் வேலம்பாளையம் வந்தார். உடன் வந்தவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போக, அவர் மட்டும் பெட்ரோல் பங்க்கில் சேர்ந்தார். தையல் மெஷின் சத்தம் தலைவலி தருகிறது என்பார். அவர் சட்டையில் வந்த பெட்ரோல் வாடை அம்மாவுக்குத் தலைவலி தந்தது. அது பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அளவில் சந்தேகப்பட்டு யாராவது சண்டைக்கு வந்தால் கோபப்பட மாட்டார். அளவுப் பாத்திரத்தை எடுத்து வைத்துப் பிடித்துக் காட்டி, "இப்ப சரிங்களா சாமி?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்.

அத்தையின் கணவர், எங்கள் மாமா, சொந்தமாகப் பங்க் எடுத்தபோது வீட்டுக்கே வந்து, "மச்சான், நீங்க இருந்தாத்தான் இது ஓடுமுங்க" என்று அழைத்தார். அப்பா அன்றே பழைய வேலையை விட்டு, அங்கே மேலாளராகச் சேர்ந்தார். தங்கை வீட்டுத் தொழில் என்றால் அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

பங்க்கில் தினமும் காலையில் அப்பா செய்யும் முதல் வேலை, நிலத்தடித் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கிப் பார்ப்பது. கோலின் நுனியில் ஒரு பசை தடவுவார்கள். தண்ணீர் பட்டால் அது நிறம் மாறும். தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடப்பது எல்லாப் பங்க்கிலும் உள்ளதுதான். பெட்ரோல் அதன்மேல் தனியே மிதக்கும். உறிஞ்சும் குழாய்க்குக் கீழே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை என்பது தொழிலில் எல்லோரும் நம்பிய கணக்கு. அப்பாவும் அதைத்தான் நம்பினார்.

பிறகு பெட்ரோலில் சாராயம் கலந்து விற்கும் காலம் வந்தது. சர்க்கரை ஆலையில் கிடைக்கும் எரிசாராயம், எத்தனால் என்பார்கள். அதை விளக்க எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் பங்க் முதலாளிகளுக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். மாமா போய் வந்தார். "சாராயம் சேர்த்தா ஆக்டேன் கூடுமாம் மச்சான். இஞ்சின் இடிக்காம ஓடுமாம். வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

வேறு ஒன்று இருந்தது. சாராயம் தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அதனால் புதுச் சரக்கு இறக்கும் முன் தொட்டியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பங்க்கைச் சில நாள் மூட வேண்டும். மாமா அதை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அப்பா கோல் இறக்கினார். கொஞ்சம் தண்ணீர் காட்டியது, வழக்கம்போல் குழாய்க்குக் கீழேதான். அதன்மேல் புதுச் சரக்கை இறக்கச் சொன்னார். சாராயம் அடித்தண்ணீரோடு சேர, அது பெருகிக் குழாய் வரை ஏறிவிட்டது. மதியத்துக்குள் வண்டிகள் வழியெல்லாம் நின்றன. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். "ஏனுங்க, தண்ணியையா ஊத்துனீங்க?" என்று ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். சாப்பாடு கொண்டு போயிருந்த நான் தூக்குப்போசியோடு அங்கே நின்றேன்.

எண்ணெய்க் கம்பெனி அதிகாரி வந்தார். "தொட்டியைக் காயவெச்சுட்டுத்தான் இறக்கணும்னு கூட்டத்துல சொன்னோமே?" என்று மாமாவைக் கேட்டார். மாமா அப்பாவைக் கை காட்டினார்.

"மச்சான்கிட்ட அன்னைக்கே சொன்னனுங்க. மறந்துட்டாரு போலங்க."

அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "ஆமாங்க, மறந்துட்டனுங்க" என்றார்.

வீட்டில் அம்மா அழுது சண்டை போட்டார். "அது என்ற தங்கச்சி வாழற ஊடு. நான் வாயத் தொறந்தா நாளைக்கு அவ அங்க எப்படி இருப்பா?" என்றார் அப்பா. அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

'மறந்தவர்' என்ற சொல் ஊர் வாயில் 'கலந்தவர்' ஆகிவிட்டது. கலப்படம் செய்து மாட்டிக்கொண்டதாகவே பேசினார்கள். மாமா அதைத் திருத்தவில்லை. வேறு மேலாளர் வைத்துக்கொண்டார். எந்தப் பங்க்கும் அப்பாவைச் சேர்க்கவில்லை. மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வாயிற்காவலராக இருந்தார், நோய் படுக்கையில் தள்ளும்வரை. மருத்துவமனையில் கிடந்தபோது மாமா எட்டிப் பார்க்கவில்லை.

இறந்த அன்று வந்தார். எங்கள் வாசலில், கூடியிருந்தவர்கள் முன்னால், "மச்சான் பண்ணுனத நான் அன்னைக்கே மன்னிச்சுட்டனுங்க" என்றார். பெரிய மனசு என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் அத்தை வந்தார். "எனக்குத் தெரியும் கண்ணு. பங்க்க மூடுனா ஏவாரம் போயிரும், மச்சான்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அன்னைக்கு ஊட்டுல உங்க மாமா சொன்னாரு. இப்ப அத எழுதிராத கண்ணு" என்றார். யாருக்காக அப்பா வாய் திறக்கவில்லையோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாமா சொன்ன பொய்யைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் முறை வைத்து உடனிருந்த விசைத்தறித் தொழிலாளர்களுக்கும், மருத்துவமனைக்குத் தன் வேனை ஓட்டி வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது.

மாமா அவர்களுக்கு: எங்கள் வாசலில் நின்று நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை அப்பா மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை.