காக்ஸ் டவுன் வாஷிங் மிஷின் கேஸ்

நுகர்வோர் கமிஷனில் கம்பெனி சார்பாகப் பேசப் போன நான், கம்பெனியையே கவிழ்த்துவிட்டு வந்தேன். நேர்மையால் செய்தேன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, பொறாமையால்.

அப்போது நான் ஒரு வாஷிங் மிஷின் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன். எங்களிடம் வேலை பார்த்த சேகர் வெளியேறி, ஜீவனஹள்ளியில் சின்னதாக ரிப்பேர் கடை போட்டிருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுக்குக் காபி கிடைக்கும். யூனிஃபார்ம் போட்ட எனக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. எப்படிக் கிடைக்கும்? "சர்க்யூட் போர்டு போச்சு, பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்பதுதான் மேனேஜர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. காரணம் தெரிந்தும் வயிறு எரிந்தது. அவன் கடை வழியாகப் போகும்போதெல்லாம் வாசலில் எத்தனை மிஷின் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன்.

காக்ஸ் டவுன் ரோஸி டீச்சரிடமும் அதே பாட்டைப் பாடினேன். அவர் விடவில்லை.

"ஒரு போர்டுக்காக முழு மிஷினையும் குப்பையில போடணுமா? வித்தவங்கதான் சரி பண்ணித் தரணும்" என்று கேஸ் போட்டுவிட்டார்.

கமிஷனில் எங்கள் வக்கீல், இது ரிப்பேரே ஆகாது என்றார். டீச்சர் எழுந்து, "ஜீவனஹள்ளி சேகர் அரை மணி நேர வேலைங்கிறான் சார்" என்றார். கமிஷன் தலைவர் என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் கேட்டார்.

"நிம்ம கைலி ஆகல்வா?"

உங்களால் முடியாதா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்! மேனேஜர் பின்னாலிருந்து சட்டையை இழுத்தார். எனக்கு எங்கே உறைத்தது?

"சேகரால ஆகும்னா என்னால ஆகாதா சார்? அவனுக்கு அரை மணி நேரம்னா எனக்குக் கால் மணி நேரம்!" என்று கன்னடமும் தமிழும் கலந்து கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். மிஷினைச் சரிசெய்து கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

"உன்னை யாருய்யா வீரம் காட்டச் சொன்னது?" என்று மேனேஜர் குதித்தார். வேலை போய்விடும் என்று நடுங்கினேன். போகவில்லை. தண்டனையாக ரிப்பேர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

உத்தரவுப்படி டீச்சர் வீட்டுக்குப் போய்ப் போர்டைக் கழற்றி, அதில் கருகிப்போன ரிலே என்ற குட்டி ஸ்விட்சை மாற்றினேன். மிஷின் ஓடியது. முதல் தடவையாக எனக்கும் காபி வந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"சேகரும் இந்த ரிலேயைத்தான் சொன்னான். கெட்டிக்காரப் பையன்" என்றார் டீச்சர். அதற்குமேல் காபி உள்ளே இறங்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்பேர் ஆகாது என்று கஸ்டமரிடம் வாயைத் திறப்பதற்கு முன், பக்கத்துத் தெருக் கடைக்காரன் அதே மிஷினைச் சரிசெய்துவிட்டு அதே வீட்டில் காபி குடிப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வயிறு எரிந்தால், டூல் பாக்ஸைத் திறவுங்கள்.