பட்டுக்கடைப் பங்குதாரர் வளைத்த குழாய்

கூட்டு வணிகப் பத்திரத்தின் இரண்டாம் பக்கம் அவரை இப்படி வர்ணிக்கிறது: "திரு. வே. சண்முகவேல், வயது நாற்பத்தாறு, பட்டு ஜவுளி வியாபாரத்தில் நீண்ட அனுபவமுள்ளவர், நிறுவனத்தின் அன்றாட அலுவல்களில் முழுநேரமும் ஈடுபட்டிருக்கும் பங்குதாரர்."

இதில் வயது சரி. அனுபவமும் நீண்டதுதான், பெஞ்சு மேல் நிற்க வைக்கப்பட்ட பையனுக்குக்கூட வகுப்பறையில் நீண்ட அனுபவம் உண்டு. தி.நகர் கடையில், கேட்ட நிறத்தைத் தவிர மற்ற எல்லா நிறப் புடவைகளையும் எடுத்துப் போடுவதில் சண்முகவேலை மிஞ்ச ஆள் கிடையாது. ஜெனரேட்டர் நின்றுபோகும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். வாடிக்கையாளர்கள் இருட்டில் தவித்துக்கொண்டிருக்க, கடையிலேயே மகிழ்ச்சியான மனிதர் அதைப் பழுதுபார்க்க மொட்டை மாடிக்குப் படியேறிக்கொண்டிருப்பார்.

அண்ணன் பொன்ராஜ் வேறு ரகம். கடை அவருடைய உயிர். மெக்கானிக் வேலை அவருக்குக் 'கரி வேலை'. ஆனால் அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் இந்தியாவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, கார் போகவில்லை. அது வந்த வருஷம்தான் கடைக்கு இரண்டாவது மாடி எழும்பியது. ஆகவே அது ராசியான கார். கரி வேலையை இகழும் அதே பொன்ராஜ், அந்தக் கார் லேசாக இருமினால்கூடக் கல்லாவில் நிம்மதியாக உட்காரமாட்டார்.

இந்தச் சித்திரையில் அது இருமவில்லை, ஒழுகியது. எஞ்சினுக்குப் பின்னால், புகைக்குழாயை உரசினாற்போல ஓர் இரும்புக் குழாய் போகிறது. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீர் ஓடும் வழி அது. துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. சிந்தாதிரிப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் மாற்றுக் குழாய் கேட்டதற்கு, "இந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று பாசமாக விசாரித்தார்கள். ஒரு மெக்கானிக் ரப்பர் குழாயை மாட்டி அனுப்பினார். அது புகைக்குழாயின் சூட்டில் இளகி, பனகல் பார்க் எதிரில் வெடித்தது. நீராவிக்கு நடுவே வெள்ளை வேட்டியில் பொன்ராஜ் நின்ற காட்சியைப் பக்கத்துக் கடைக்காரர்கள் வெகுவாக ரசித்தார்கள்.

அன்று சாப்பிடும்போது சண்முகவேல் சொன்னார். "அந்தக் குழாய நான் செஞ்சு தாரேன் அண்ணாச்சி."

"ஏல சம்முவம், ஒனக்கு எதுக்குல கரி வேல? ஆவணில கல்யாணப் பட்டுக்குன்னு தனியாக் கட தொறக்கோம். ஒன்னத்தான் அதுக்குப் பொறுப்பாப் போடப் போறேன்."

"குழாய் நின்னுச்சுன்னா என்னைய விட்டுருங்க. ஈக்காட்டுத்தாங்கல்ல ஹபீபு பாய் பட்டறைல எடம் இருக்கு. பழைய வண்டிக்குக் குழாய் செய்யுத வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

பொன்ராஜ் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். தம்பி அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"நின்னுச்சான்னு எப்பிடில பாக்க?"

"நீங்களே சொல்லுங்க."

"கத்திரி வெயில்ல, உச்சி மத்தியானம், ஏசியப் போட்டு உஸ்மான் ரோட்டுல ஓட்டு. நான் பொறத்தால இருப்பேன். சூட்டு முள்ளு பாதியத் தாண்டிச்சுன்னா நீ பட்டுதான். தாண்டலன்னா ஒன் இஷ்டம்."

சண்முகவேலின் மனைவி தங்கபுஷ்பம் ரசம் ஊற்றிக்கொண்டே பொன்ராஜிடம் சொன்னாள். "திருப்பதி மல ஏறச் சொல்லிருக்கலாம் அத்தான். கொஞ்சம் இரக்கமாவது இருந்திருக்கும்."

மறுநாளே சண்முகவேல் பட்டறைக்குப் போய்விட்டார். பழைய இரும்புக் குழாய் அந்த மெக்கானிக் கழற்றும்போதே துண்டு துண்டாகப் போய்விட்டதால், மாதிரிக்கு எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கி, தடித்த கம்பி ஒன்றை அந்த இடுக்கில் நுழைத்து நுழைத்து, குழாய் போன வழியைக் கம்பியில் பிடித்தார். மூன்று வளைவுகள். அதே தடிமனில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வாங்கினார். அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும் என்பதால், உள்ளே மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையும் அடைத்து, சூடு காட்டி வளைக்க வேண்டும்.

மணலை வறுத்துக் காய வைத்தது பட்டறைக்காரர் ஹபீபுர் ரஹ்மான். வெல்டிங்கில் கெட்டிக்காரர், வாய் அதைவிட. "ஈர மண்ணு போட்டு அடச்சி சூடு பண்ணியானா கொயாய் வளையாது மொதலாளி. வெடிக்கும். நம்பள வலை போட்டுத்தான் பொறுக்கணும்."

முதல் குழாய் அழகாக வந்தது. காரில் வைத்தால், நடு வளைவு புகைக்குழாய் மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டாவது குழாயும் அழகாக வந்தது. அதுவும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டையும் கம்பியோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் வளைவு சரியாக இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்தது.

சண்முகவேலுக்குச் சட்டென்று விளங்கியது. அவர்கள் கடையில் துணி வெட்ட ஒரு முறை உண்டு. கேட்ட அளவுக்கு மேல் இரண்டு விரல்கடை விட்டுத்தான் கத்திரி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் திரும்பி வருவதே அந்த இரண்டு விரலுக்காகத்தான் என்பது குடும்ப நம்பிக்கை. டேப்பில் அளவு பிடித்ததும் கட்டைவிரல் தானாக முன்னே நகர்ந்துவிடும். கடைக் கலை எதுவுமே ஒட்டவில்லை என்று அண்ணன் வருந்திய மனிதருக்கு, ஒட்டக்கூடாத அந்த ஒன்று மட்டும் எலும்பு வரை ஒட்டியிருந்தது.

ஹபீபுர் ரஹ்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா மொதலாளி, எஞ்சினுக்கு ரவிக்கத் துணியா கிழிச்சிக்கினு கீற? முனைல ஜாஸ்தின்னா அறுத்து உட்டுர்லாம். நடுவுல ஜாஸ்தின்னா தூக்கி கடாசணும், அவ்ளோதான்."

சண்முகவேல் சிரிக்கவில்லை. ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிக்கொண்டார். மிச்சமிருந்த நான்கு விரல்களால் அளந்து, கோடு போட்டார்.

மூன்றாவது குழாய் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. உடனே அதை வெளியே எடுத்து, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினார்கள். முனை வளையத்தைப் பற்றவைத்த ஓரத்தில் ஒரேயொரு குமிழி வந்தது. "ஒண்ணுதான் நைனா, கண்டுக்காத" என்றார் ஹபீபுர் ரஹ்மான். சண்முகவேல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய் முனகிக்கொண்டே மறுபடி பற்றவைத்தார். அடுத்த முறை வாளித் தண்ணீர் அசையவில்லை.

இதற்குள் செய்தி மயிலாப்பூர் வரை போயிருந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கிச்சா மாமா பட்டறைக்கே வந்துவிட்டார். "எங்காத்துலயும் அதே வண்டிதான் நின்னுண்டிருக்கு. மாமி அதுமேல வடாம் ஒணத்தறா. எனக்கும் ஒரு குழாய் பண்ணித் தருவேளா?"

"எங்க அண்ணன் விட்டா பண்ணித் தாரேன்" என்றார் சண்முகவேல்.

கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு நாள், பொன்ராஜ் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உஸ்மான் சாலையில் முன்னால் பேருந்து, பின்னால் பேருந்து, பக்கத்தில் இளநீர் வண்டி. கார் நின்றது, வெயில் நிற்கவில்லை. சூட்டு முள் மெல்ல ஏறியது. பொன்ராஜ் சீட்டின் விளிம்புக்கு வந்தார். முள் பாதியை நெருங்கியது.

"ஏல, ஏசிய அமத்துல."

"மாட்டேன்."

"என் வண்டில இது!"

"குழாய் என்னது."

முள் தாண்டினால் பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறவர், வண்டிக்காக நெற்றியில் வியர்வையோடு முருகனைக் கூப்பிட்டார். தோற்றால் காலமெல்லாம் பட்டிலேயே கிடக்க வேண்டியவர் ஸ்டீயரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். முள் பாதிக்கோட்டைத் தொட்டது. அந்த நேரம் ரேடியேட்டர் விசிறி சுழன்று எழுந்தது. முள் ஒரு மயிரிழை இறங்கி, அங்கேயே நின்றது. இளநீர் வண்டி நகரும் வரை, பேருந்து நகரும் வரை, கடை வாசல் வரும் வரை அது நகரவில்லை.

வாசலில் எஞ்சின் ஆறிய பிறகு, பொன்ராஜ் தன் வெள்ளைக் கைக்குட்டையால் குழாயின் அடிப்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தார். கைக்குட்டை உலர்ந்திருந்தது. அதை மடிப்புக் குலையாமல் மடித்துப் பையில் வைத்தார்.

"நல்லாத்தாம்ல செஞ்சிருக்க. இவ்வளவு தெறமக்காரன வெளிய அனுப்புனா ஊரு என்னையச் சிரிக்காது? பட்டுக்கே வந்துரு. தீவாளி முடியட்டும், பொறவு பேசுவோம்."

தோற்றால் பட்டு, ஜெயித்தாலும் பட்டு. பொன்ராஜ் இதை முழு அன்போடுதான் சொன்னார் என்பதுதான் சங்கடம். சண்முகவேல் பழக்கத்தில் தலையாட்டத் தொடங்கினார்.

கல்லாவிலிருந்து எழுந்து வந்திருந்த தங்கபுஷ்பம் கேட்டாள். "என்ன நிக்கீங்க? வாக்கு மாறுனது அத்தான். நடக்க வேண்டிய காலு ஒங்களுது."

ஆட்டிய தலை பாதியில் நின்றது.

"தீவாளிக்குப் புடவை எடுக்க வாரேன் அண்ணாச்சி" என்றார்.

சண்முகவேல் கார் சாவியை அண்ணன் கையில் வைத்தார். ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போனார். பொழுது சாய்வதற்குள் கிச்சா மாமாவின் காருக்கு ஒரு குழாய் வளைத்தார்.