மை குடிக்கும் கண்ணாடித் தாள்

மற்றவர்கள் தாங்கள் செய்த பொருளைக் காட்டி விற்பார்கள். நான் செய்யும் பொருள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது கழிவு.

துணிப் பையிலும் சட்டையிலும் எழுத்து அச்சடிக்கிறவர்களுக்கு இந்தத் துன்பம் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அச்சடிக்க வேண்டிய படத்தை முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கறுப்பாக எடுக்க வேண்டும். அந்தத் தாளை, மருந்து பூசிய சல்லடைத் துணியின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் துணியில் படம் இறங்கும். அதன் பிறகு எத்தனை பை வேண்டுமானாலும் அடிக்கலாம். தொல்லை என்னவென்றால், வெறும் பிளாஸ்டிக் தாள் மையைக் குடிக்காது. பிரிண்டர் துப்பிய மை, சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். மை குடிக்கிற பூச்சு ஒன்று அதன் மேல் இருக்க வேண்டும். அப்படிப் பூசிய தாள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் வராமல் நின்றது.

கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் ஃபரீத் நானாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் எங்கள் அச்சகம். அங்கே நானும் செல்வராணியும் வேலை. அவள் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்து இருப்பவள். சல்லடை பிடித்து மை இழுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். கடைசிப் பெட்டியும் தீர்ந்த அன்று நானா பின்னறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "வெறுந் தாள் எவ்வளவும் ஈக்கி, பூசின தாள்தான் இல்ல. ஹஜ்ஜுக்குப் போறவங்கட பை வேலை வரும். அத அடிச்சிக் குடுக்க ஏலாட்டி, இந்த ரூமுல நான் பிளாஸ்டிக் பேசினும் வாளியும் அடுக்கப் போற, மாஸ்டர்."

அறை மூடினால் செல்வராணி மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். நான் கொழும்பில் மகன் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க வேண்டும். இரண்டில் எது பெரிய கொடுமை என்று எங்களுக்குள் தினமும் தர்க்கம் நடந்தது. ஆகவே, பூச்சை நானே செய்வது என்று இறங்கினேன். படித்தது எட்டாம் வகுப்பு. மீதியைக் கைப்பேசியும் கெட்டுப்போன தாள்களும் சொல்லித் தந்தன.

அழையாத விருந்தாளி

முதலில் ஜெலட்டினில் தொடங்கினேன். கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கி, ஊறவைத்து, உருக்கி, தாள் சுருளாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்துப் பூசினேன். மை அழகாக உள்ளே இறங்கியது. இவ்வளவு லேசா என்று நினைத்து அலுமாரியில் அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கிளிசரின் இனிக்கும் என்பது எனக்குத் தெரியாது. எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது.

ஒட்டிக்கொண்ட எறும்புகளைச் சுரண்டி எடுத்தோம். ஒன்று தப்பிவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் முழுவதும் அடித்து முடிந்த பிறகுதான் பார்த்தோம்; மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், கால்கள் மீசை உட்பட, எறும்பு ஒன்று சுத்தமாகப் பதிந்திருந்தது. அவ்வளவு நுணுக்கமாக அந்தத் தாளில் எழுத்துக்கூட விழவில்லை. பெண்ணின் அப்பா மாநகரசபையில் கிளார்க். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, பையை வெளிச்சத்தில் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "பத்திரிகை வைக்காம வந்தது இது ஒண்ணுதான் மாஸ்டர். இருக்கட்டும், பந்தியில ஒரு ஓரமா உக்காரட்டும்."

ஹாஜியாரின் கேள்வி

ஹஜ்ஜுப் பயணிகளுக்குப் பை கொடுக்கிறவர் அலவத்துகொடை ஹாஜியார். கறிக்குப் போடும் சரக்குத் தூள் வியாபாரி. ஒவ்வொரு வருடமும் பையில் ஒரு துஆ, பிரார்த்தனை வரி, அச்சடித்துக் கொடுப்பார். இந்தத் தடவை தாள் கிடைக்காத கதையைக் கேள்விப்பட்டு நேரில் வந்தார். என் ஜெலட்டின் தாளை விரலால் தடவி, "இது என்னத்தால பூசின?" என்றார். சொன்னேன். "எந்த ஜெலட்டின்? மாட்டுட எலும்பா, மத்ததா?"

பன்றியின் பெயரை வாயால் சொல்லாமல்தான் கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் கேக்கின் படம்தான் இருந்தது. தாள் பையைத் தொடுவதே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் அதன் வழியாகப் போகிறது, சல்லடையைக்கூட நாங்கள் கழுவிவிட்டுத்தான் அடிக்கிறோம் என்று விளக்கினேன். செல்வராணியும் தலையாட்டினாள். ஃபரீத் நானா மட்டும் பேசினை எங்கே அடுக்கலாம் என்று சுவரை அளப்பது போலப் பார்த்தார். ஹாஜியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்: "பையில படாது, சரி. என்ட மனசுல படுதே."

சாக்கில் எழுதியிருந்த பெயர்

எலும்பும் தோலும் இல்லாத ஒன்றைத் தேடி, பசை காய்ச்சுகிற ஒருவரிடம் ஒரு வெள்ளைத் தூளைக் கண்டுபிடித்தேன். ஆலையில் செய்வது, எந்த மிருகத்துக்கும் சம்பந்தமில்லை. சாக்கோடு கடைக்குக் கொண்டுவந்து இறக்கியபோதுதான் நானா அதன் மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: பொலிவைனைல் அற்ககோல். சாராயத்துக்குச் சொல்கிற அதே சொல். "மாஸ்டர், அத விட இது மோசமால்லவா ஈக்கி" என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறைத்து வேலை செய்ய எனக்கு மனமில்லை. ஹாஜியாருக்கே தொலைபேசி எடுத்தேன். தூள்தான், மணமில்லை, போதையில்லை, கொதிக்க வைத்தால் பசை வரும் என்றேன். அவர் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணியடித்தது. ஹாஜியார்தான்: "குடிக்கவா போறீங்க? பூசத்தானே. காய்ச்சுங்கொ."

கட்டி

காய்ச்சத் தெரிந்தால்தானே. வீட்டில் என் மனைவியின் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தூளைக் கொட்டினேன். மீன் கண் மாதிரிக் கட்டி கட்டியாக மிதந்தது. கிண்டினேன், நசுக்கினேன், வடித்தேன். வெளியே கரைந்து உள்ளே மாவாக நின்றது. சமையலில் கைவைத்துத் தோற்ற ஆண்கள் எல்லோருக்கும் அந்தப் பானையின் அடி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருடம். பானையைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய காலை ஞாபகம் வந்தது. காய்ச்சலில் படுத்திருந்தவளுக்குக் கஞ்சி வைக்கிறேன் என்று அன்றும் இப்படித்தான் கட்டி கட்டியாக வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டாவது பானையில் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கரைத்து, அதன் பிறகு அடுப்பில் ஏற்றினேன். மெல்ல மெல்லத் தெளிந்து, பானையின் அடி தெரிந்தது. அன்று அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து சொன்னதைத்தான் செய்தேன்: "பச்சைத் தண்ணியில கரைச்சிட்டு அப்புறமா அடுப்புல வைக்கணும். மாவுக்கு என்ன அவசரம், உங்களுக்குத்தான் அவசரம்."

கிட்டார்

தூரிகையால் பூசினால் கோடு விழுகிறது. கம்பி சுற்றிய உருளையால் இழுத்தால் ஒரே சீராகப் பரவும் என்று வாசித்தேன். யன்னல் திரைக் கம்பி வீட்டில் இருந்தது. சுற்றுவதற்கு உறுதியான மெல்லிய கம்பி வேண்டும். கண்டி டவுனில் இசைக் கருவிக் கடைக்குப் போய்க் கிட்டார் கம்பி கேட்டேன். நரைத்த தலையையும் மை படிந்த நகத்தையும் பார்த்த அந்தக் கடைப் பெண், ஒவ்வொரு கம்பியாக எடுத்துச் சுண்டிக் காட்டினாள். நான் எதையும் காதில் வாங்காமல், விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒரே தடிப்பில் கடையில் இருந்ததெல்லாம் கேட்டேன். ஏன் எல்லாம் ஒரே கம்பி என்றாள். திரைக் கம்பியில் சுற்றுவதற்கு என்றேன். காசை வாங்கி, மிக மரியாதையாகப் பொதிந்து தந்தாள்: "அங்கிள், வாசிக்கப் பழகினதும் ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்க."

கூரை மேல்

பூசிய தாளைக் காயப்போட வீட்டு முற்றத்துக் கொடியைவிட நல்ல இடமில்லை. கண்டிக்காரர்களுக்கு மிச்சக் கதை தெரியும். நான் உள்ளே தேநீர் ஊற்றப் போன நேரத்தில் குரங்குகள் வந்தன. கிளிசரினை நான் இன்னும் விடவில்லை. நல்ல தாளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி நக்கின. பெரியது ஒன்று நக்கி முடித்த தாளை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தது. தாள் தெளிவாகத்தான் வந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் அரைத் தமிழில் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார்: "மாத்தயா, உங்க கஸ்டமர் நம்ம கூரைல உக்காந்து இருக்கு."

வட்டிலப்பம்

மை இறங்கியது, காய்ந்தது. ஆனால் கண்டி மழைக்காலத்து ஈரத்தில் செல்வராணியின் விரல் பட்டால் கறுப்பு அப்படியே கலைந்தது. பூச்சை இறுக்க வேண்டும். வெங்காரம் போட்டால் இறுகும் என்று வாசித்திருந்தேன். எவ்வளவு போட வேண்டும் என்ற இடத்துக்கு வரும் முன்பே போட்டுவிட்டேன்.

வாளியில் இருந்தது எல்லாம் கண் முன்னாலேயே ஒரே கட்டியாக உறைந்தது. கவிழ்த்தேன்; வாளியின் வடிவத்திலேயே வெளியே வந்து மேசையில் ஆடிக்கொண்டு நின்றது. சாக்கில் அடிமட்டத்தில்தான் தூள் மிச்சம். ஹாஜியாரின் பை நாளோ நெருங்கிவிட்டது. செல்வராணி அதை ஒரு விரலால் தட்டி, அது ஆடி அடங்கும் வரை பார்த்துவிட்டு, "நான் ஊருக்குக் கொண்டுபோறதுக்கு இது ஒண்ணாவது மிச்சம்" என்றாள். சிரிப்பதற்குத்தான் சொன்னாள், இரண்டு பேருமே சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு நானா உள்ளே வந்தார். பெருநாள் புட்டிங்கைப் பார்ப்பது போல மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "வட்டிலப்பம் நல்லா வந்தீக்கி மாஸ்டர். தாள் எங்க?"

கன்னத்தில் ஒரு வெட்டு

மனம் சரியில்லாத நாளில் நான் போகிற ஒரே இடம் கட்டுகஸ்தோட்டை சலூன். அங்கே யாரும் ஆறுதல் சொல்லமாட்டார்கள். அன்று நான் பெருமூச்சு விட்ட நேரம் பார்த்துக் கத்தி கன்னத்தில் கீறிவிட்டது. சலூன்காரர் முருகையா படிகாரம் என்கிற சீனாக்காரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய் தேய்த்தார். ஓடின இரத்தம் அந்த இடத்திலேயே நின்றது.

கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிறதை நிற்க வைக்கிற கல். துணிக்குச் சாயம் போடுகிறவர்களும் சாயம் நிற்க இதைத்தானே போடுகிறார்கள். மற்றக் கன்னம் நுரையோடு இருக்க, கதிரையிலிருந்து எழுந்து அந்தக் கல்லைக் கேட்டேன். கடையில் வாங்கலாம், ஆனால் கடை வரை நடக்க எனக்குப் பொறுமையில்லை. முருகையா கல்லைக் கொடுக்காமல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்: "கல்ல நீங்க கொண்டுபோனா, அடுத்த ஆளு ரத்தத்தோடதான் வீட்டுக்குப் போகணும்."

பேசின்

கல்லை வேறு இடத்தில் வாங்கினேன். மிச்சத் தூளைக் காய்ச்சி, ஆறவிட்டு, சீனாக்காரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். கிளிசரினை விட்டேன். கூரைக்காரர்களுக்குப் பயந்து பின்னறைக்குள்ளேயே காயவைத்தேன். ஹாஜியாரின் துஆ தாளில் கறுப்பாக இறங்கியது. செல்வராணி பெருவிரலை நாக்கில் நனைத்து எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். என் பக்கம் நீட்டினாள். விரலில் கறுப்பு இல்லை. சல்லடையை எடுக்கப் போனாள்.

ஹாஜியார் வந்து தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பூச்சு எங்க?" என்றார். அதுதான் இருக்கிறது என்றேன். சரித்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல்லயே" என்று, குறை சொல்வது போலவே சொல்லிவிட்டு, பை முழுவதையும் எங்களிடமே அடிக்கச் சொன்னார். வட்டிலப்பத்தைப் பார்த்த அன்றே ஃபரீத் நானா பேசினுக்கும் வாளிக்கும் ஓடர் கொடுத்திருந்தார் என்பது, சரியாக அந்த நேரத்தில் கடை வாசலில் லொறி வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நானா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வராணி நேரே லொறிக்குப் போய், இருப்பதில் பெரிய பேசினையும் மூடியுள்ள வாளிகளையும் பொறுக்கி, பூச்சு காய்ச்சி ஊற்றி வைக்க இது, சல்லடை கழுவ இது என்று பின்னறைக்குள் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினாள். நானா வாசலில் நின்று பார்த்தார்: "நான் சொன்னபடி பேசின் பின் ரூமுக்கு வந்துட்டு. நீங்க ரெண்டு பேரும்தான் போகல்ல."

இப்போது வெளிநாட்டுத் தாளும் மறுபடி வருகிறது. ஒட்டாத இடத்தில் மையை ஒட்டவைத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே விருது, நானா வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த வெளிநாட்டுத் தாள் பெட்டிதான்; தேநீர்க் கோப்பை வைக்க அது நல்ல உயரம்.