காலடி இல்லாத ஆள்

ஆட்டக்காரர்கள் அவளை வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கென்று சொந்த வீடு எதுவும் கிடையாது. தங்கையோடு ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தாள். ஆனால் அவள் உருவாக்கிய கணினி விளையாட்டில் பதினோரு அறை கொண்ட ஒரு வீடு இருந்தது. கண்ணால் பார்க்க அதில் ஒன்றுமே கிடையாது, திரை முழுக்கக் கறுப்பு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை அழுத்தி, காதை மட்டும் நம்பி அறை அறையாக நடக்க வேண்டும். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலவே பார்வை இல்லாதவர்கள். குழாய் சொட்டுகிறது, கடிகாரம் நின்று நின்று ஓடுகிறது, ஏழாவது அறைக் கதவு திறக்கவில்லை என்று அவர்கள் குடித்தனக்காரர்களைப் போல ஓயாமல் முறையிட்டதில் வந்த பெயர் அது.

இருபத்தாறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் பதினைந்து நாளில் அவள் பார்வையைக் கொண்டுபோனது. எந்த மருத்துவமனையில் படுத்திருந்தாளோ அங்கேயே தொலைபேசி ஆபரேட்டராகச் சேர்ந்தாள். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை வேலை. மீதி நேரத்தில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிரல் எழுதக் கற்றாள். பள்ளிச் சீருடை தைக்கும் தங்கை, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தாள்.

விளையாட்டில் இருந்த வீட்டில் ஆட்டக்காரரைத் தவிர இன்னொரு ஆளும் இருந்தான். பேசமாட்டான். மூச்சுச் சத்தம் கிடையாது. காலடி கிடையாது. ஆனால் அவன் உங்களுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் வந்து நின்றால், ஃபிரிட்ஜின் உறுமல் கொஞ்சம் மங்கும். மின்விசிறிக்கு முன்னால் நின்றால் மின்விசிறி மங்கும். அதுதான் அவன் வந்திருப்பதற்கு ஒரே அடையாளம். எந்தப் பக்கத்துச் சத்தம் மங்கியது என்று சட்டென்று கண்டுபிடித்து, அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். தவறினால் ஆட்டம் முடிந்துவிடும்.

அந்த ஆளை அவள் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மதியம், பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்குத் தனியாகப் போயிருந்தாள். ஏசி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் திடீரென்று கம்பளி போர்த்தியதுபோல் மங்கியது. எதிரில் யாரோ நிற்கிறார்கள். "யாரு?" என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். இரைச்சல் மங்கியபடியே இருந்தது. அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு ஏசி பழையபடி இரைந்தது. போன சத்தமும் கேட்கவில்லை. அது யார், ஏன் நின்றான், என்ன நினைத்துப் போனான் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. தங்கையிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

விளையாட்டு வெளிவந்த இரண்டாம் வாரமே கோரிக்கைகள் வரத் தொடங்கின. வரைபடம் வேண்டும். நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதி வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக ஒன்றைக் கேட்டார்கள்: அந்த ஆளுக்குக் காலடிச் சத்தம் வேண்டும். நியாயமே இல்லை, எப்படித் தப்பிப்பது என்று ஆட்டக்காரர்களின் இணையக் குழுவில் சண்டை பிடித்தார்கள். இருநூறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரு மனுவே அனுப்பினார்கள்.

அவள் கேட்காமல் இல்லை. தங்கையின் செருப்பையே தரையில் தட்டிப் பதிவு செய்து, காலடி வைத்து ஒரு சோதனைப் பதிப்பைத் தயாரித்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். மூன்றாவது அறையிலேயே சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது யாரோ தண்ணி குடிக்க எழுந்து வர்ற மாதிரி இருக்கு. வாங்க, உக்காருங்கன்னு சொல்லத் தோணுது."

அவள் அந்தக் காலடியை அழித்தாள். 'இந்த ஆளுக்குக் காலடி கிடையாது. மன்னிக்கவும்' என்று குழுவில் ஒரே வரி போட்டாள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் கோப்பு அறையைச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வரிக்கு வந்த பதில்கள் அவளைக் கலங்கடித்தன. தலைக்கனம் என்றார்கள். ஒருவர் நாற்பது விநாடிக்கு எதுவுமே பேசாமல் மூச்சை மட்டும் பதிவு செய்து அனுப்பியிருந்தார். திரையை வாசிக்கும் குரலுக்குக் கோபமும் கிடையாது, தயவும் கிடையாது. திட்டையும் வானிலை அறிக்கையைப் போலவே வாசிக்கும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மருத்துவமனையில் மணி அடித்தால்கூடக் கை பின்வாங்கியது. கடைசியில், வருகிற மின்கடிதங்கள் எல்லாம் தானாகக் கணினியில் ஒரு பெட்டிக்குள் போய் விழும்படி செய்துவிட்டு, அந்தப் பெட்டியைத் திறப்பதை நிறுத்தினாள். குழுவில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை குரல்பதிவு போடுவாள். வேலை நடக்கிறது, பொறுங்கள் என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குரல்பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். குழுவில் அவருடைய பெயர் 'கடைசிப்படி'.

'மேடம், நீங்க மூணாவது மாடியில இருக்கீங்க. லிஃப்ட் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மணி அடிக்குது, உங்க வீட்டுக்கிட்ட மூணாவதோட நிக்குது. கீழே லேத் பட்டறை. மூணே காலுக்கு ஒரு பள்ளிக்கூட மணி. கொஞ்ச நேரத்துல ரயில் பாலத்து மேல போகுது. நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தவன். நேர்ல வந்து கேட்டுக்கறேன்.'

வாசிக்கும் குரல் அதை முடித்து அடுத்த செய்திக்குப் போய்விட்டது. காதால் வாழ்கிறவர்களுக்கு விளையாட்டு செய்யத் தெரிந்த தனக்கு, தன் குரலுக்குப் பின்னால் தன் வீடே கேட்கிறது என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று? எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். லேத் சத்தம் அப்போதும் வந்தது.

மறுநாள் தங்கை அவளைப் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே இருந்த அதிகாரி செய்தியை இரண்டு தடவை படித்தார்.

"இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு? வந்து கேக்கறேன்னுதானே எழுதியிருக்கார்."

"எதுக்கு சார் வரணும்?" என்றாள் தங்கை.

"வந்தா போன் பண்ணுங்க" என்றார் அதிகாரி.

அடுத்த பத்து நாளும் அவள் லிஃப்டின் மணியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நின்றால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரரின் சாவி சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள். தான் இருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனக்காரி மாதிரி இருந்தாள். விளையாட்டை இழுத்து மூடிவிடலாமா என்று தங்கையிடம் கேட்டாள். "மூடினா மட்டும் லிஃப்ட் மூணாவது மாடிக்கு வராதா?" என்றாள் தங்கை.

பதினோராம் நாள் மதியம் இரண்டரைக்கு, வேலை முடிந்து வந்து லிஃப்டிலிருந்து இறங்கினாள். நீளமான நடைவழி. கடைசிக் கதவு அவளுடையது. அதையொட்டி இருக்கும் காற்றுத்துவாரம் வழியாகத்தான் பட்டறைச் சத்தம் மேலே வரும். தினமும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நாலு கதவு தாண்டியிருப்பாள். சத்தம் மங்கியது.

நின்றாள். லேத் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நடுவில் யாரோ.

"யாரு?"

பதில் இல்லை.

பின்னால் லிஃப்ட் கதவு மூடிக் கீழே இறங்கிவிட்டது. கோப்பு அறையின் அலமாரி விளிம்பு முதுகில் குத்துவதுபோல் இருந்தது. இருபது வருடம் கழித்தும் அதே கேள்வி, அதே பேச்சற்ற பதில். ஓட வேண்டும் என்று தோன்றியது. கையில் இருந்த கோல் நடுங்கித் தானாகவே தரையைத் தட்டியது. டக். திரும்பி வந்த சத்தத்தில் அவளுக்குப் பழக்கமான சுவர் இல்லை. இன்னும் கிட்டத்தில், துணியில் பட்டு அமுங்கியதுபோல் வந்தது. இன்னொரு தடவை, இந்த முறை வேண்டுமென்றே, தட்டினாள். ஐந்தடி தூரம். அசையாத ஆள்.

பைக்குள் கைவிட்டுத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். தங்கை எடுத்துப் பேசுவது பைக்குள்ளிருந்து கேட்டது. "வாசல்ல ஆள் நிக்குது" என்றாள் இவள், முடிந்த மட்டும் உரக்க.

அப்போதுதான் எதிரில் இருந்தவர் துள்ளினார். சட்டை கதவில் உரசும் சத்தம் கேட்டது.

"யாரு? யாருங்க அங்க? யாராவது இருக்கீங்களா?"

ஆண் குரல். ஐம்பதுக்கு மேல் வயது இருக்கும். நடுக்கம் இருந்தது. ஆனால் அந்தக் குரல் அவளைப் பார்த்து வரவில்லை; எதிர்ச்சுவரைப் பார்த்துப் போயிற்று. இவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"யாருன்னு கேட்டேனே. ஏன் பேசல?" என்றாள்.

"கேக்கலைங்க. சத்தியமாக் கேக்கல." குரல் தேடித் தேடி இவள் பக்கம் திரும்பியது. "எனக்கு வலது காது போய் மூணு வருஷமாச்சு. கீழ விசாரிச்சு வந்து பெல் அடிச்சேன், உள்ள ஆள் இருக்கான்னு இடது காதைக் கதவுல வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க வந்தது அந்தப் பக்கம். நான்தான் கடைசிப்படி."

"உங்களுக்குக் கண்ணு?"

"அது சின்ன வயசுலயே இல்லைங்க."

பயம் போய்விடவில்லை. பயத்தின் மேலேயே கோபம் ஏறியது.

"பத்து நாளா நான் தூங்கல. என் வீட்டைக் கண்டுபிடிச்சு எல்லாரும் பாக்குற இடத்துல எழுதியிருக்கீங்க. கண்ணு தெரியாத ஒருத்தரே இப்படிப் பண்ணலாமா? இப்படி ஒருத்தர் வந்து நின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கதவிலிருந்து விலகி நின்றார்.

"தப்புதாங்க. குழுவுல போட்டாலாவது பதில் வரும்னு போட்டேன். அதுக்கு முன்னாடி தனியா ஒன்பது கடிதம் எழுதினேன். ஒண்ணுக்கும் வரல. காது விஷயத்தைக் குழுவுல சொல்ல வெக்கமா இருந்தது. அங்க எல்லாரும் காதைப் பத்தித்தானே பீத்திக்கிறாங்க."

"காலடி வேணுமா உங்களுக்கு?"

"காலடி வேண்டாங்க. வெச்சாக் கெட்டுடும். ஆனா ரெண்டு காது இருந்தாத்தான் எந்தப் பக்கம் மங்குதுன்னு தெரியும். எனக்கு எல்லாம் ஒரே பக்கம். முதல் அறையைத் தாண்டினதே இல்ல. இன்னொரு காதும் குறையுதுன்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள ஒரு தடவை அந்த வீட்டை முழுசா நடந்துடணும்னு..."

அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பைக்குள் தங்கை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "நீங்க போயிடுங்க. கடிதத்தைப் படிக்கிறேன். இனிமே இங்க வராதீங்க" என்றாள். அவர் சரி என்றார். சுவரைத் தடவிக்கொண்டு லிஃப்ட் வரை போனார். மணி மூன்று தடவை அடித்துக் கீழே போய் முடியும்வரை அவள் சாவியை வெளியே எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை ஆட்டோ பிடித்து வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அக்காவும் தங்கையும் பெட்டியைத் திறந்தார்கள். நானூற்றுச் சொச்சம் கடிதங்கள். திட்டியவர்கள் இருபது பேர்கூட இல்லை. கடைசிப்படியின் ஒன்பதும் இருந்தன. முதல் கடிதம் ஒரு பக்கம். ஒன்பதாவது ஒரே வரி: 'எங்க மங்குதுன்னு நானே கேட்டுத் தெரிஞ்சுக்கற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?'

தங்கை அதைச் சத்தமாகப் படித்ததும், நடைவழியில் கோலைத் தட்டியபோது திரும்பி வந்த அந்த அமுங்கிய சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து கணினியைப் போட்டாள்.

ஆறு வாரம் ஆயிற்று. புது அப்டேட்டில் ஆட்டக்காரர் கையில் ஒரு கோல் இருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பித் தட்டலாம். சுவர் என்றால் ஒரு சத்தம், வெறும் வெளி என்றால் ஒரு சத்தம்; அந்த ஆள் நின்றால் வேறு சத்தம். ஒற்றைக் காது போதும். ஆனால் தட்டினால் அவனுக்கும் கேட்கும். அந்த ஆளுக்குக் காலடி கொடுக்காமலே, கேட்டவருக்கு வழி கொடுத்துவிட்டாள். தங்கை ஆடிப்பார்த்து, இரண்டாவது அறையில் ஹெட்போனைக் கழற்றி வீசினாள். "போதும்க்கா. நான் லைனிங் தைக்கப் போறேன்" என்றாள்.

அப்டேட்டோடு குழுவுக்கு ஒரு கடிதமும் போனது. அதில் முதல்முறையாகக் கோப்பு அறையைப் பற்றி எழுதினாள். 'அன்றைக்கு வந்தவனுக்குக் காலடி இருக்கவில்லை. நான் பொய்க் காலடி வைக்கமாட்டேன். ஆனால் ஆடவே முடியவில்லை என்று யாராவது எழுதினால், இனி அதை முதலில் படிப்பேன்.' அனுப்பிவிட்டு அரைமணி நேரம் கணினிப் பக்கமே போகவில்லை. சிலர் விலகிப்போனார்கள். சிலர் பழையபடியே காலடி கேட்டார்கள். நான்கு பெண்கள் தங்களுக்கும் இப்படி ஓர் அறை உண்டு என்று தனித்தனியாக எழுதினார்கள். அதில் ஒருத்தியின் கடிதத்தை அவள் தங்கைக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை.

கடைசிப்படி ஏழாவது அறைவரை போய்விட்டதாக எழுதினார். கூடவே, அறையின் நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். நடுவில் நிறுத்த முடிந்தால் அந்த வீட்டில் யாருக்கும் பயம் இருக்காது. முடியாது என்று காரணத்தோடு எழுதினாள். இவருக்குத்தான் தன் வீடு தெரியும் என்பது நினைவில் இருந்துகொண்டே இருந்தது. அன்று முதல் மூன்று நாள் பதில் வரவில்லை. அவள் மறுபடியும் மணியை எண்ண ஆரம்பித்தாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. சேமிப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒன்பதாவது அறையில் ஃபிரிட்ஜின் உறுமல் ஒவ்வொரு பதினெட்டு விநாடிக்கும் ஒருமுறை வெட்டி ஒட்டியதுபோல் குதிக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டிருந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். குதித்தது. தங்கையைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் கிட்டே போய் இன்னொரு பதிவு எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.