தூரமா, மாமா?

வேலுச்சாமி மாமா டியூட்டி முடிந்து தெருவுக்குள் நுழைந்தால், ஆளுக்கு முன்னால் டீசல் வாடை வந்துவிடும். கோவில்பட்டியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர். ரயிலையே ஓட்டுகிற மனிதர் எதிர்வாசலில் இருக்கும்போது, வாய் நீளமான பத்து வயதுக்காரி எப்படிச் சும்மா இருப்பாள்? ‘தூக்கம் வந்தா என்ன செய்விய, அவசரத்துக்கு வண்டிய எங்க நிறுத்துவிய’ என்று நான் துளைத்தெடுக்க, அவர் டீயை ஆற்றியபடி ஒன்று விடாமல் பதில் சொல்லுவார்.

அம்மாவுக்குத்தான் கவலை. “ஏட்டி, கேக்கதுக்கும் ஒரு மொறை இருக்கு” என்பாள். வெளியே கிளம்புகிறவரை ‘எங்க போறிய?’ என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம், ‘தூரமா?’ என்றுதான் கேட்க வேண்டுமாம். சொல்ல விருப்பமுள்ளவர் ஊரைச் சொல்வார், இல்லாதவர் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்கு அதெல்லாம் வேலையற்ற பேச்சாகத் தெரிந்தது.

அந்த ஐப்பசியில், கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுக்கிற மழை நாளொன்றில், மணியாச்சிக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தைக் கடந்த ஒருவர் மாமா ஓட்டிய வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். மறுநாள் மாமா டீ டம்ளரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போலப் போய் நின்று, “மாமா, அந்த ஆளு மொகத்தப் பாத்தியளா?” என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என் முதுகில் வைத்த அடி பெரிதில்லை. “இனிமே வண்டியேற மாட்டேங்காவ” என்று அவர் மனைவி குழாயடியில் அழுததுதான் பெரிது. ஒரு நல்ல மனிதரின் வேலையை என் வாய் தின்றுவிட்டது என்றே நம்பினேன்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு காலையில் மாமா டியூட்டிப் பெட்டியோடு வெளியே வந்தார். குழாயடிப் பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குடத்தையே பார்த்தார்கள். அவரும் படியிறங்காமல் நின்றார். எனக்குப் பயம்தான், ஆனாலும் கேட்டேன்.

“தூரமா, மாமா?”

அவர் படியிறங்கினார். “இல்ல தாயி, இந்தா இருக்க மணியாச்சி வரைக்குந்தான். போயிட்டு வாரேன்.”

போனார், வந்தார். ஓய்வு பெறும்வரை ஓட்டினார்.

இப்போது எந்த வண்டி எங்கே வருகிறது என்று செல்போனே சொல்லிவிடுகிறது. அந்தத் தெருவில் குழாயடியும் இல்லை, கிளம்புகிறவரிடம் ‘தூரமா?’ என்று கேட்க ஆளும் இல்லை. போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன். டீசல் வாடை போய்த் தைல வாடை வந்திருக்கிறது. டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், நான் எதுவும் கேட்காமலே பேசினார்.

“அன்னிக்குக் கேட்டியே, மொகத்தப் பாத்தியளான்னு. பாத்தேன் தாயி. இத்தன வருசத்துல வேற யாரும் அதக் கேக்கல.”

எனக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. ஒன்றும் கேட்காமல், அவராக மேற்கொண்டு சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.