முப்பது மைல் வேகத்தில்

மாங்குளத்தில் கார் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஆறவிட்டிருக்கிறேன். புதுக் கார். முதல் ஐந்நூறு மைலுக்கு வேகம் முப்பதைத் தாண்டக்கூடாதாம். காலையிலிருந்து ஊர்ந்து வந்ததில் முதுகு விட்டுப்போகிறது.

முல்லைத்தீவு பஸ்ஸைத் தவறவிட்ட மீனவர் ஒருவர் வந்து, தன்னையும் ஏற்றிப் போகமுடியுமா என்று கேட்கிறார். நானும் அங்கேதான் போகிறேன். ஏற்றிக்கொள்கிறேன்.

"கொஞ்சம் கெதியாப் போகேலாதோ, ஐயா?"

"புது எஞ்சின். இப்ப விரட்டினால் பழுதாப்போகும்."

"ஓம்" என்கிறார். ஒட்டுசுட்டான் தாண்டிய பிறகுதான், ஊரில் என்ன அலுவல் என்று கேட்கிறேன்.

"அம்மா மோசம் போயிட்டா. நாலு மணிக்கு அடக்கம்."

மணி மூன்றரை தாண்டிவிட்டது. அக்சிலேற்றரை அழுத்தி மிதிக்கிறேன். முள் ஐம்பதைத் தொடுகிறது. எண்ணெய் கருகும் மணம் வருகிறது.

முல்லைத்தீவு மாதா கோயிலுக்குப் போய்ச் சேரும்போது சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. அவர் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடுகிறார். "மூத்தவன் வந்திட்டான்" என்று உள்ளே ஒரு பெண் கதறுகிறாள். நான் இறங்காமல், எட்டி அந்தக் கதவைச் சாத்துகிறேன்.